இடப்பக்கக் கைபிடி

எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு.
குடிக்கேக்க தெரியாது, பழகின நாக்கு.
கறுத்தக் காருக்குத் தெரியும்.
வெயிலில ஒரு துளி காய விட்டால்
போனட்டில வெள்ளை வட்டம்,
வினாகிரி போட்டும் விடாத தேமல்.

அதனால கோண்டாவிலில என்ர கடை
விடிய ஐஞ்சரைக்குத் திறக்கும்.
பத்து மணிக்குப் பிறகு கறுப்பு எடுக்கிறேல்லை.
பலகையில எழுதிக் கொழுவியிருக்கிறன்,
ஆரும் வாசிக்கிறேல்லை.

"முதலாளி நிக்கிறாரோ?" எண்டு கேப்பினம்,
ஹோஸோட நிக்கிற என்னட்டை.
"நிக்கிறா. கழுவிக்கொண்டு நிக்கிறா."

சேர்வேயர் விமலேஸ்வரன்
மாதத்தில இரண்டாம் சனி வருவார்.
பண்ணைப் பாலத்து உப்பு, புத்தூர்ச் செம்மண்,
கந்தோர் வேம்பிலயிருந்து காகம் போட்டது,
ஒரு மாதம் எங்கெங்கை அளந்தாரோ
அவ்வளவும் அந்த அக்சியோவில இருக்கும்.

முதலில தண்ணி மட்டும். தொடக்கூடாது.
மண் தானா இறங்கவேணும்.
அவதிப்பட்டுத் துணியை வைச்சால்
ஒவ்வொரு மணலும் ஒவ்வொரு பேனை,
எழுதினதை அழிக்கேலாது.
பிறகு இரண்டு வாளி:
ஒண்டில நுரை,
மற்றதில பாவம்.

துடைச்சாப் பிறகு ரோச் அடிச்சுப் பாப்பன்.
டிக்கிக்குக் கீழ பெல்ட் வார் உரஞ்சின இடம்,
கேற்றோட கோவிச்ச பின்மூலை,
கூரையில முக்காலி வைச்ச மூண்டு புள்ளி.
கைபிடிக்குப் பின்னால ஒரு குழி இருக்கு,
விரல் போற இடம்.
வலப்பக்கம் அவர்ர நகம்,
கோழி கிண்டின மாதிரி.
இடப்பக்கம்
ஒண்டுமில்லை.

மூண்டு வருசமா ஒண்டுமில்லை.
ஜப்பானில பூசின அண்டைக்கு இருந்த கறுப்பு.
குனிஞ்சு பாத்தால்
என்ர முகம்தான் தெரியும், தலைகீழா.
(அந்தக் குழிக்கு மெழுகு தொடாமலே
முழுக்காசும் வாங்கியிருக்கிறன்.
இதை அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.)

நல்லூர்த் தேர் முடிஞ்ச கிழமை
கற்பூரப் புகையும் மணலுமா வந்தது கார்.
இடப்பக்கக் குழியில ஒரு கீறல்.
நகம் வெட்டின துண்டளவு.
தும்பாக்கும் எண்டு விரலால தடவினன்.
தும்பில்லை.

ஐப்பசியில நாலு.
ஒல்லிக் கீறல், அவர்ரதை விட உயரத்தில,
நீட்டு நகம்,
பக்கத்தில மோதிரம் தட்டின ஒரு பொட்டு.
மெஷினைக் கையில எடுத்திட்டன்.
அரை நிமிசம் போதும்.
பெயின்ற்றுக்கு மேல இருக்கிற கண்ணாடித் தோல்
தலைமயிரளவு தடிப்பு,
அதில கொஞ்சம் சுரண்டினால்
ஆரும் அந்தப் பக்கம் ஏறேல்லை எண்டாகிடும்.

வாங்கில பிளேன்ரீயோட இருந்தவர் கேட்டார்:
"கீறல் ஏதும் கிடக்கோ?"
"வலப்பக்கம் கிடக்கு. எடுத்துவிடுறன்."
"இடப்பக்கம்?"
கொஞ்சம் கெதியாக் கேட்டிட்டார்.
கேட்டிட்டு, கோப்பைக்குள்ள எறும்பு தேடினார்.

"பாக்கேல்லை" எண்டன்.
மெஷின் வயரைக் கழட்டினன்.

பிறகு மெழுகை எடுத்து,
மூண்டு வருசக் கடனையும் சேர்த்து,
கீறலுக்கு மேலேயே பூசினன்,
வட்டமா இல்லை, அது போன போக்கில.
காய விட்டு, மெல்லத் துடைச்சு, இன்னொருக்கா.
பாதுகாக்கும் எண்டுதான் டப்பாவில போட்டிருக்கு.
எதை எண்டு போடேல்லை.

காசைத் தந்து வெளிக்கிடேக்க தூறல்.
"ஐயோ, இப்பத்தானே கழுவினது."
"மழையில சுண்ணாம்பு இல்லை, போங்கோ."
போனட்டில துளியெல்லாம் உருண்டை உருண்டையா
நிண்டு, நடுங்கி, ஓடிச்சுது.
பலாலி றோட்டில இடப்பக்கம் திரும்பினார்.
அவர்ர வீடு வலப்பக்கம்.

அடுத்தது ஒரு ஹயஸ்.
வௌவால் எச்சம், பின்கண்ணாடி முழுக்க.
பெடியன் கேக்கிறான்,
"முதலாளி இல்லையோ?"